3200 ரேம் வாங்கினேன், 2400-இல் ஓடுகிறதே?

கேள்வி: என்னுடையது இன்டெல் கோர் ஐ5-10300எச் பிராசசர் கொண்ட கேமிங் லேப்டாப். வாங்கும்போது 8 ஜிபி ரேம் இருந்தது. ஒரே ஸ்டிக், டிடிஆர்4, 2666. பிரவுசரில் சில டேப்களைத் திறந்துவைத்துக்கொண்டு கேம் ஆடினால் திணறியது. காலியாக இருந்த இரண்டாவது ஸ்லாட்டில் 16 ஜிபி ஸ்டிக் ஒன்றை வாங்கிப் போட்டேன். பெட்டியில் பெரிதாக 3200 என்று போட்டிருக்கிறது. கீழே சிறிய எழுத்தில் சிஎல்18, 1.35 வோல்ட். ஆனால் டாஸ்க் மேனேஜரில் வேகம் 2400! முன்பு 2666 காட்டியது. பழைய ஸ்டிக்தான் பின்னால் இழுக்கிறதோ என்று அதைக் கழற்றிவிட்டேன். புதியது மட்டும் இருந்தும் அதே 2400தான். பயாஸில் எக்ஸ்எம்பி என்று எதுவுமே இல்லை. போலிச் சரக்கை என் தலையில் கட்டிவிட்டார்களா? முழு வேகத்துக்குக் கொண்டுவர ஏதாவது மென்பொருள் உண்டா? இரண்டையும் சேர்த்துப் போட்டிருந்தபோது 24 ஜிபிக்குப் பதில் 23.8தான் பயன்படும் என்று காட்டியதும் சந்தேகத்தைக் கிளப்புகிறது.

பதில்: முதல் வேலையாக, கழற்றிவைத்த பழைய 8 ஜிபி ஸ்டிக்கைத் திரும்ப ஸ்லாட்டில் போடுங்கள். நீங்கள் முயன்று பார்த்த மூன்று நிலைகளில் இப்போது இருப்பதுதான் மிக மெதுவானது. டாஸ்க் மேனேஜரில் இரண்டு முறையும் 2400 என்றே தெரிந்திருக்கலாம். ஆனால் ஸ்டிக் ஒன்றா இரண்டா என்பதைப் பொறுத்து உண்மையான வேகம் பாதியாகவோ இரட்டிப்பாகவோ மாறிவிடும். கணக்கைக் கீழே போட்டுக் காட்டுகிறேன்.

போலி என்ற பயம் வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் சிஎல்18, 1.35 வோல்ட் என்ற அந்தச் சிறிய எழுத்துகளே பாதிக் கதையைச் சொல்லிவிட்டன.

ஒவ்வொரு ரேம் ஸ்டிக்கிலும் பெரிய கறுப்புச் சிப்புகளைத் தவிர, தனியாகக் குட்டிச் சிப் ஒன்று இருக்கும். எஸ்பிடி என்பார்கள். டிடிஆர்4-இல் அதன் கொள்ளளவு வெறும் 512 பைட். இந்த ஸ்டிக் எத்தனை ஜிபி, எந்த வேகத்தில் ஓடும், எத்தனை வோல்ட் வேண்டும், எந்தக் கட்டளைக்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளும் என்ற விவரமெல்லாம் அதற்குள் பதிந்திருக்கும். நீங்கள் பவர் பட்டனை அழுத்தியதும், விண்டோஸ் தலைகாட்டுவதற்கு வெகு முன்னாலேயே, பயாஸ் என்ற தொடக்க மென்பொருள் இந்தச் சிப்பைப் படித்து வேகத்தை முடிவு செய்துவிடும். பெட்டியில் என்ன அச்சடித்திருக்கிறது என்பது பயாஸுக்குத் தெரியவே தெரியாது.

அந்த 512 பைட்டுக்குள் இரண்டு வகைப் பதிவுகள் இருக்கலாம். ஒன்று ஜெடெக் பதிவு. ஜெடெக் என்பது நினைவகங்களுக்குத் தரம் வகுக்கும் அமைப்பு, 1.2 வோல்ட்டில் 2133, 2400, 2666, 2933, 3200 என்று டிடிஆர்4-க்கான வேகப் படிகளை நிர்ணயித்தது அதுதான். எந்தக் கணினியும் இந்தப் பதிவைக் கேள்வி கேட்காமல் ஏற்கும். இன்னொன்று இன்டெல் கொண்டுவந்த எக்ஸ்எம்பி. இது கடைசி 128 பைட்டில் உட்கார்ந்திருக்கும். தரத்தைத் தாண்டி, பெரும்பாலும் கூடுதல் வோல்ட் கொடுத்து ஓட்டுவதற்கான பதிவு இது. பயாஸில் நாம் போய் ஆன் செய்தால்தான் வேலை செய்யும். டெஸ்க்டாப் போர்டுகளில் அந்த வசதி சாதாரணம். பெரும்பாலான லேப்டாப்களில் கிடையாது.

உங்கள் புதிய ஸ்டிக்கின் எக்ஸ்எம்பி பதிவில் 3200 இருக்கிறது. ஜெடெக் பதிவில் 2400 வரைதான் இருக்கிறது போலும். லேப்டாப் எக்ஸ்எம்பி பதிவைக் கண்டுகொள்ளாமல் ஜெடெக் பதிவை எடுத்துக்கொண்டது. பக்கத்தில் 2666 ஸ்டிக் இருந்தபோதும் இதே கதைதான். ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகள் போல, இரண்டு ஸ்டிக்கும் மெதுவானதன் வேகத்துக்குத்தான் நடக்கும். நீங்கள் சந்தேகப்பட்டது பழைய ஸ்டிக்கை, இழுத்தது புதியது.

இதை நீங்களே சரிபார்க்கலாம். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து எஸ்பிடி பக்கத்துக்குப் போங்கள். மேலே ஸ்லாட் எண்ணைத் தேர்ந்தெடுத்தால் அந்த ஸ்டிக்கின் விவரம் வரும். கீழே உள்ள டைமிங் அட்டவணையில் ஜெடெக் என்ற தலைப்பில் சில பத்திகளும், கடைசியில் எக்ஸ்எம்பி-3200 என்று ஒரு பத்தியும் இருக்கும். ஜெடெக் பத்திகளில் இருப்பதிலேயே பெரிய எண்ணைப் பாருங்கள். நான் சொல்வது சரியென்றால் அது 1200 மெகாஹெர்ட்ஸ் என்று இருக்கும். பதறாதீர்கள், 1200 என்றால் 2400தான். டிடிஆர் நினைவகம் ஒரு கடிகாரத் துடிப்புக்கு இரண்டு முறை தரவை அனுப்பும். சிபியு-இசட் துடிப்பை எண்ணுகிறது, டாஸ்க் மேனேஜர் அனுப்புதலை எண்ணுகிறது. "என் ரேம் பாதி வேகத்தில் ஓடுகிறது" என்று வரும் புகார்களில் பல இந்த ஒரே காரணத்தால் வருபவை. சில இன்டெல் லேப்டாப்களில் இன்னொரு குழப்பமும் உண்டு: சும்மா இருக்கும்போது மின்சாரத்தை மிச்சப்படுத்த நினைவகத்தின் துடிப்பு தானாகவே இறங்கும். ஏதாவது கனமான வேலையை ஓடவிட்டுக்கொண்டு பார்த்தால்தான் சரியான எண் தெரியும்.

அடுத்து, உங்களுக்குப் பிடிக்காத ஒரு செய்தி. அந்த எக்ஸ்எம்பியை எப்படியோ ஆன் செய்ய முடிந்தாலும் உங்கள் லேப்டாப்பில் 3200-ஐ எதிர்பார்க்க வேண்டாம். நினைவகத்தைக் கையாளும் கன்ட்ரோலர் பிராசசருக்குள்ளேயே இருக்கிறது. ஐ5-10300எச்-க்கு இன்டெல் அறிவித்திருக்கும் உச்சம் 2933. இது உங்கள் மாடலுக்கு மட்டுமான குறை இல்லை. இன்டெல் எட்டாம் தலைமுறை ஐ5-8250யு-வுக்கு 2400, ஒன்பதாம் தலைமுறை ஐ7-9750எச்-க்கு 2666, பதினொன்றாம் தலைமுறை ஐ5-1135ஜி7-க்கு 3200 என்று படிப்படியாக ஏறியது. ஏஎம்டி ரைசன் 5 3500யு என்றால் 2400, ரைசன் 5 4600எச் வந்தபோது 3200. ரேம் வாங்குமுன் பிராசசரின் பெயரைத் தேடி, அதன் தயாரிப்பாளர் பக்கத்தில் நினைவக வகை என்ற வரியைப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை. அதைச் செய்துவிட்டு வாங்குபவர்கள் ஏனோ குறைவு.

ஆக, பிராசசர், ஸ்டிக்கின் ஜெடெக் பதிவு, பக்கத்து ஸ்டிக்கின் ஜெடெக் பதிவு, இந்த மூன்றில் எது குறைவோ அதுதான் உங்களுக்குக் கிடைக்கும் வேகம். உங்களைப் பொறுத்தவரை 'முழு வேகம்' என்றால் 2933. 3200 என்ற எண்ணை மறந்துவிடலாம்.

இனி நான் சொன்ன கணக்கு. 2400 என்றால் விநாடிக்கு 2400 மில்லியன் அனுப்புதல். ஒவ்வொரு அனுப்புதலிலும் ஒரு ஸ்டிக் 64 பிட், அதாவது 8 பைட் அனுப்பும். வேகத்தை 8-ஆல் பெருக்கினால் விநாடிக்கு எத்தனை மெகாபைட் போக முடியும் என்ற உச்சவரம்பு கிடைக்கும். முதலில் உங்களிடம் இருந்தது ஒரே 2666 ஸ்டிக்: விநாடிக்கு 21.3 ஜிபி. இப்போது புதியதை மட்டும் வைத்து ஓட்டுகிறீர்கள்: 19.2 ஜிபி. காசு செலவழித்துப் பின்னால் போயிருக்கிறீர்கள். ஆனால் இரண்டு ஸ்டிக்கும் ஸ்லாட்டில் இருந்தால் பிராசசர் இரண்டு சேனலையும், அதாவது ரேமுக்குச் செல்லும் இரண்டு தனிப் பாதைகளையும், ஒரே நேரத்தில் பயன்படுத்தும். அதே 2400-இல் 38.4 ஜிபி! எண் 2666-இலிருந்து 2400-க்கு இறங்கியதைப் பார்த்து நீங்கள் கலங்கிய அந்த நாளில், உங்கள் லேப்டாப்பின் நினைவக வேகம் உண்மையில் முன்பு இருந்ததைவிட 80 சதவீதம் கூடியிருந்தது.

8-உம் 16-உம் சமமில்லையே, டூயல் சேனல் வருமா என்று கேட்பீர்கள். வரும், ஆனால் முழுதாக இல்லை. 8 ஜிபி ஸ்டிக்கும் 16 ஜிபி ஸ்டிக்கின் ஒரு 8 ஜிபியும் ஜோடி சேர்ந்து முதல் 16 ஜிபி இரட்டைச் சேனலில் ஓடும். மீதி 8 ஜிபிக்கு ஜோடி இல்லாததால் அது ஒற்றைச் சேனலில் ஓடும். இன்டெல் இதை ஃப்ளெக்ஸ் மெமரி என்று அழைக்கிறது. சிபியு-இசட்டின் மெமரி பக்கத்தில் சேனல் என்ற இடத்தில் டூயல் என்றோ, 2 × 64-பிட் என்றோ காட்டினால் ஜோடி சேர்ந்துவிட்டது என்று பொருள். டாஸ்க் மேனேஜர் இதைச் சொல்லாது. அதில் இருப்பது அந்த ஒற்றை எண் மட்டும்தான். எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டு தொங்குவதும் அதனால்தான்.

வேகம் குறைந்தால் தாமதம் கூடுமே என்பதையும் பார்த்துவிடலாம். சிஎல் என்பது கட்டளை கொடுத்ததிலிருந்து தரவு வரத் தொடங்கும்வரை எத்தனை துடிப்பு என்ற கணக்கு. ஜெடெக் தரத்தில் வழக்கமாகக் கிடைக்கும் 2400 ஸ்டிக்குக்கு 17, 2666-க்கு 19, 3200-க்கு 22. எண் ஏறுவதுபோல் தெரியும். ஆனால் துடிப்பும் குறுகுகிறதே! நேரமாக மாற்றினால் 2400-இல் 14.2 நானோவிநாடி, 2666-இல் 14.3, 3200-இல் 13.8. கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆகவே 2400-க்கு இறங்கியதால் அந்தக் காத்திருப்பு ஒன்றும் நீண்டுவிடவில்லை.

சரி, இப்போது என்ன செய்யலாம்? உங்கள் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன.

திருப்பித் தர முடியாது என்றால், இரண்டு ஸ்டிக்கையும் போட்டு 2400-இலேயே விட்டுவிடுங்கள். உச்சவரம்பு 38.4. மனம் ஆறாது, ஆனால் லேப்டாப் நன்றாகவே ஓடும். திருப்பித் தர முடியுமென்றால், அதற்குப் பதில் ஜெடெக் பதிவிலேயே 3200 உள்ள 16 ஜிபி ஸ்டிக்கை வாங்குங்கள். பழைய 8 ஜிபியோடு சேர்ந்து இரண்டும் 2666-இல் ஓடும். முதல் 16 ஜிபிக்கு உச்சவரம்பு 42.7. மூன்றாவது வழி, பழையதையும் ஒதுக்கிவிட்டு ஜெடெக் 3200 ஸ்டிக் இரண்டு, தலா 8 அல்லது 16 ஜிபி. பிராசசரின் உச்சமான 2933-க்கு இறங்கி நிற்கும்; 46.9 ஜிபி, அதுவும் முழுக் கொள்ளளவுக்கும்.

திருப்பித் தர முடிந்தால், நானாக இருந்தால் இரண்டாவது வழி. முடியாவிட்டால் முதல் வழியே போதும். 21.3-இலிருந்து 38.4-க்குப் போனது பெரிய தாவல். அங்கிருந்து 42.7, 46.9 என்று ஏறுவதைப் பிரவுசரிலோ ஆவணம் தட்டச்சு செய்வதிலோ உங்களால் உணர முடியாது. உங்கள் லேப்டாப்பில் தனி கிராஃபிக்ஸ் சிப்பும் அதற்கென்று தனி நினைவகமும் இருக்கும் என்பதால் கேமிலும் பெரிய மாற்றம் தெரியாது. பிராசசரை அதிகம் வேலை வாங்கும் கேம்களில், காட்சி சட்டென்று தடுமாறும் இடங்கள் கொஞ்சம் சீராகலாம், அவ்வளவுதான். பெரிய கோப்புகளைச் சுருக்குவது, விரிப்பது போன்ற வேலைகள் தினமும் உண்டு என்றால் மூன்றாவது வழிக்குக் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. 7-ஜிப் மென்பொருளின் டூல்ஸ் மெனுவில் பெஞ்ச்மார்க் என்று ஒன்று உண்டு. ஒரு ஸ்டிக்கோடு ஒருமுறை, இரண்டோடு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். என் வாய்ச்சொல்லை நம்ப வேண்டியதில்லை.

நீங்கள் ரேம் வாங்கப் போன காரணமே திணறல்தான். அந்தத் திணறல் வேகக் குறைவால் வந்ததல்ல, இடம் போதாமல் வந்தது. 8 ஜிபி நிரம்பியதும் விண்டோஸ் கொஞ்சத்தைச் சுருக்கி வைக்கும், பிறகு எஸ்எஸ்டிக்குத் தள்ளும். அந்தத் தலைமுறை லேப்டாப்பில் உள்ள நல்ல என்விஎம்இ எஸ்எஸ்டிகூட விநாடிக்குச் சுமார் 3.5 ஜிபிதான் தரும். தாமதமோ நானோவிநாடிகளில் இல்லை, மைக்ரோவிநாடிகளில். 2400-க்கும் 2933-க்கும் உள்ள இடைவெளி இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. 16 ஜிபியைச் சேர்த்த அன்றே உங்கள் உண்மையான பிரச்சினை தீர்ந்திருக்க வேண்டும். தீர்ந்துமிருக்கும், அந்த எண் கண்ணில் படும்வரை.

மென்பொருள் பற்றி. விண்டோஸுக்குள் இருந்தபடி ரேமின் வேகத்தைக் கூட்டித் தருவதாகச் சொல்லும் 'பூஸ்டர்' எதையும் நிறுவாதீர்கள். வேகம் முடிவாவது விண்டோஸுக்கு முன்பே என்று மேலே சொன்னேன். அந்த மென்பொருள்கள் செய்வதெல்லாம் மற்ற நிரல்களின் நினைவகத்தைப் பிடுங்கி எஸ்எஸ்டிக்குத் தள்ளுவதுதான். காலி இடம் கூடியதாக எண் காட்டும், கணினி முன்பைவிட மெதுவாகும்.

எஸ்பிடி சிப்பில் உள்ளதை மாற்றி எழுதும் மென்பொருள்கள் நிஜமாகவே உண்டு. மறைந்திருக்கும் மெனுக்களைத் திறந்துவிட்ட பயாஸ் கோப்புகளும் உலவுகின்றன. விவரம் தெரிந்தவர்கள் சாதித்திருக்கிறார்கள். ஆனால் உங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். தவறான டைமிங் போட்டால் திரை கறுப்பாகவே நிற்கும். டெஸ்க்டாப் போர்டில் ஒரு ஜம்பரைத் தொட்டு பயாஸ் அமைப்புகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். லேப்டாப்பில் பேட்டரியைக் கழற்றினால் சரியாகும் என்ற உத்தரவாதம்கூட இல்லை. சில சமயம் பயாஸ் சிப்பையே வெளிக்கருவியால் எழுத வேண்டிவரும். இதில் 1.35 வோல்ட் சிக்கல் வேறு. லேப்டாப் போர்டுகள் பொதுவாக டிடிஆர்4 ஸ்லாட்டுக்கு 1.2 வோல்ட்தான் தரும். அந்த ஸ்டிக் சிஎல்18-இல் 3200-க்கு உறுதி சொல்வது 1.35 வோல்ட் கிடைத்தால் மட்டுமே. 2933-ஐத் தாண்ட முடியாத ஒரு பிராசசருக்காக இத்தனை பாடு வேண்டாம். லேப்டாப் தயாரிப்பாளரே வெளியிடும் பயாஸ் அப்டேட் இருந்தால் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். புதிய ஸ்டிக்குகளை ஏற்பதில் உள்ள கோளாறுகள் அதில் சரியாவதுண்டு.

மாற்றி வாங்கும்போது எதைப் பார்ப்பது? விளம்பரப் பெயரை விட்டுவிட்டு ஸ்டிக்கில் ஒட்டியிருக்கும் வெள்ளை லேபிளைப் படியுங்கள். பெரிய நிறுவனங்களின் ஸ்டிக்கில் '16ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி4-3200ஏஏ' என்பது போல ஒரு வரி இருக்கும். பிசி4 என்றால் டிடிஆர்4. 3200ஏஏ என்றால் ஜெடெக் தரத்தில் 3200, சிஎல்22. உங்கள் பழைய ஸ்டிக்கில் 2666வி என்று இருக்கக்கூடும், அது சிஎல்19. சில லேபிள்களில் பிசி4-25600 என்று போட்டிருப்பார்கள். 3200-ஐ 8-ஆல் பெருக்கிய எண் அது. புதிய வகை என்று மயங்க வேண்டாம். வெப்பத்தகட்டை ஒட்டி லேபிளை மறைத்திருந்தால் பெட்டியில் உள்ள சிறிய எழுத்தைப் பாருங்கள். 3200-உடன் 1.2 வோல்ட், சிஎல்22 என்று இருந்தால் அது ஜெடெக் ஸ்டிக் என்று நம்பி வாங்கலாம். சிஎல்16, சிஎல்18, 1.35 வோல்ட் என்று கவர்ச்சியாக இருந்தால் அது எக்ஸ்எம்பியை நம்பி வரும் ஸ்டிக். 'சிஎல் குறைவு, ஆகவே சிறந்தது' என்று டெஸ்க்டாப்புக்குச் சொல்லும் அறிவுரை லேப்டாப்பில் தலைகீழாகிவிடுகிறது.

1ஆர்எக்ஸ்8 என்ற அந்தக் குறியீட்டையும் விட்டுவிடாதீர்கள். 8 ஜிபி டிடிஆர்4 ஸ்டிக்குகளில் 1ஆர்எக்ஸ்16 என்று ஒரு வகை உண்டு. எட்டுச் சிப்புக்குப் பதில் நான்கே சிப் இருக்கும். வேலை செய்யும், வேகமும் 3200 என்றே காட்டும். ஆனால் அந்தச் சிப்புகளுக்குள் வங்கிக் குழுக்கள் (தரவைப் பிரித்து வைக்கும் தனித்தனிப் பகுதிகள்) நான்கல்ல, இரண்டுதான்; ஒரே நேரத்தில் பல கோரிக்கைகளைச் சமாளிப்பதில் பின்தங்கும். எந்த எண்ணிலும் தெரியாத இழப்பு இது. 8 ஜிபி ஜோடி வாங்குவதாக இருந்தால் 1ஆர்எக்ஸ்8 கேட்டு வாங்குங்கள்.

இரண்டும் ஒரே பிராண்டாக இருக்க வேண்டுமா என்பது எப்போதும் வரும் கேள்வி. வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் சிப்புகளைப் பெரும்பாலும் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூன்று பேர்தான் செய்கிறார்கள். வெளியே ஒட்டும் பெயர்தான் வேறு. வேகமும் வோல்ட்டும் பொருந்தினால் போதும். ஒரே அளவாக இருப்பது நல்லது, அவசியமில்லை.

23.8 ஜிபி விஷயத்தில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. பிராசசருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸுக்கும் வேறு சில பாகங்களுக்கும் பயாஸ் கொஞ்சம் இடத்தை ஒதுக்கிவைக்கிறது. டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் 'ஹார்ட்வேர் ரிசர்வ்டு' என்று அதையே தனியாகக் காட்டும். சில நூறு மெகாபைட் என்றால் சாதாரணம். பல ஜிபி காணாமல் போயிருந்தால்தான் ஸ்டிக் சரியாக உட்காரவில்லையா என்று பார்க்க வேண்டும்.

இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் இரண்டு வார்த்தை. முதலில் டாஸ்க் மேனேஜரின் அதே மெமரி பக்கத்தில் 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற வரியைப் பாருங்கள். எஸ்ஓடிம் என்றால் கழற்றி மாட்டும் ஸ்டிக். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றால் போர்டிலேயே பற்றவைத்தது. எல்பிடிடிஆர் என்று தொடங்கும் வகைகளும் பெரும்பாலும் அப்படித்தான். மாற்றும் பேச்சுக்கே இடமில்லை. 8 ஜிபியைப் போர்டில் பற்றவைத்து, கூட ஒரு ஸ்லாட் தரும் மாடல்களும் உண்டு. அங்கே பற்றவைத்ததன் வேகமும் கணக்கில் சேரும்.

தனி கிராஃபிக்ஸ் சிப் இல்லாதவர்களுக்கு இரண்டாவது ஸ்டிக்கின் பலன் இந்த வாசகருக்குக் கிடைப்பதைவிட அதிகம், ஏனென்றால் கிராஃபிக்ஸும் இதே ரேமைத்தான் உறிஞ்சுகிறது. பதினொன்றாம் தலைமுறை ஐ5-1135ஜி7 லேப்டாப்களில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரே ஸ்டிக் இருந்தால் கிராஃபிக்ஸின் பெயர் வெறும் 'யுஎச்டி கிராஃபிக்ஸ்' என்று வரும். இரண்டாவது சேனலும் நிரம்பினால் அதே சிப் 'ஐரிஸ் எக்ஸ்இ' ஆகிவிடும்.

டிடிஆர்5 வைத்திருப்பவர்களுக்கும் இதே விதிதான், எண்கள் மட்டும் 4800, 5200, 5600. 12-ஆம் தலைமுறை இன்டெல் லேப்டாப்பில் 5600 ஸ்டிக்கைப் போட்டுவிட்டு 4800 காட்டுகிறதே என்று திகைக்க வேண்டாம். டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்5 நுழையாது. நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும், அழுத்தி நுழைக்கப் பார்க்காதீர்கள்.

மறுபடி உங்களிடம் வருகிறேன். ஸ்டிக்கை மாற்றும்போது சார்ஜரைப் பிடுங்கினால் மட்டும் போதாது. மூடியைக் கழற்றியதும் முதலில் பேட்டரியின் இணைப்பைப் போர்டிலிருந்து எடுத்துவிடுங்கள், பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள், பிறகு ரேமைத் தொடுங்கள். ஸ்டிக்கைச் சாய்வாக, தங்க முனைகள் அநேகமாக மறையும்வரை உள்ளே தள்ளிவிட்டு அப்புறம் கீழே அழுத்த வேண்டும். இரு பக்கக் கொக்கிகளும் கிளிக் என்று பிடிக்கும். அரைகுறையாகத் தள்ளி அழுத்தினாலும் கொக்கி பிடித்துவிடுவதுண்டு, அதனால் முனைகளை ஒருமுறை கண்ணால் பாருங்கள். முதல் முறை ஆன் செய்யும்போது திரை சிறிது நேரம் கறுப்பாக இருந்தால் பட்டனை அழுத்தி அணைத்துவிடாதீர்கள். புது ஸ்டிக்குக்கு ஏற்பப் பயாஸ் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. டிடிஆர்5 என்றால் இது சில நிமிடம்கூட ஆகலாம்.

எல்லாம் எழுந்து ஓடியதும் அன்றிரவே மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருளைப் பென்டிரைவில் போட்டு முழுச் சோதனையை ஓடவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் பிழை பூஜ்யம் என்று இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று காட்டினாலும் 'ஒன்றுதானே' என்று விடாதீர்கள். ஒவ்வொரு ஸ்டிக்கையும் தனியாக, ஒரே ஸ்லாட்டில் மாற்றி மாற்றிச் சோதித்து எது என்று கண்டுபிடித்து, திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் மாற்றிக்கொள்ளுங்கள்.